ஓலா, சுக்கா, ஒரு சிவப்புப் பொட்டு

என்னோடு வெளியூர் வருவதை என் மனைவி எப்போதோ நிறுத்திவிட்டாள். கோட்டை, அருவி, கோபுரம் என்று எதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும் என் கண் பக்கத்திலிருக்கும் குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது என்பது அவளுடைய புகார். புகாரில் தப்பில்லை. என் செல்பேசியில் பிள்ளைகளின் படங்களுக்கு நடுவே பல ஊர்த் தொட்டிகளும் இருக்கும். தையல் மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். மெஷினைத் திறந்து அடியில் படிந்திருக்கும் பஞ்சையும் நூல் துணுக்குகளையும் பார்த்தாலே அதை ஓட்டுகிறவர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ஊர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன் போலிருக்கிறது.

ஆனால் இந்த முறை புனேவுக்குப் போனது குப்பை பார்க்க அல்ல. தங்கை மலர் அங்கே வாகட் என்ற பகுதியில் இருக்கிறாள். அவளுடைய மகள் ஆதிரைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். நான் இல்லாமல் காரியம் நடக்காது என்ற மிதப்போடு மதுரையிலிருந்து கிளம்பினேன்.

கொண்டுபோன சாமான்களில் ஒன்றுதான் எனக்கு உயிர். ஒரு பட்டுப் பாவாடை. அம்மாவின் கல்யாணப் புடவையில் நைந்துபோகாத பகுதியை வெட்டி நானே தைத்தது. ஊரார் மெஷினையெல்லாம் ஓட வைத்த நான் முழுதாக ஓர் உடுப்பைத் தைத்தது அதுதான் முதல் தடவை. இடுப்புச் சுருக்கைப் பிரித்துப் பிரித்துத் தைத்ததில் கண் பூத்துவிட்டது.

மூட்டு வலியால் அம்மாவால் வர முடியவில்லை. "புள்ளைக்குப் பாவாடையக் கட்டிவிட்டு எனக்கு வீடியோவுல காட்டணும். மறந்தே, தொலைச்சுப்புடுவேன்" என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. பாவாடையை வேட்டித் துணியில் சுற்றி, அதற்கு மேல் பழைய செய்தித்தாளைச் சுற்றி நூலால் கட்டினார். கண்ணீர் அஞ்சலிப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, சாப்பாட்டுக் கடை விளம்பரம் வந்த பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். கடைசியாகக் குங்குமத்தைக் குழைத்து நடுவில் ஒரு பொட்டு. எங்கள் வீட்டில் புதுப் பொருள் எதுவும் பொட்டு வாங்காமல் வாசல் தாண்டாது. கம்மலை மட்டும் என் பனியனின் உள்பையில் போட்டு ஊக்குக் குத்தி அனுப்பினார்.

புனேயில் முதல் நாள் காலையிலேயே மானம் போயிற்று. கடைவீதிக்குப் போய்ச் சில புடவைகளை மாற்றிக்கொண்டு வரலாம் என்று முந்தின நாள் பேசி வைத்திருந்தோம். புடவைகள் ஒரு பையில் தயாராக இருந்தன. மலர் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வாசல் மணி அடித்தது.

"அண்ணே, ஓலா எடுக்க வந்துட்டாங்க பாரு. குடுத்துருண்ணே" என்று குளியலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

கதவைத் திறந்தால் கையுறை போட்ட ஓர் அம்மாள், சேலைக்கு மேல் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார். புனே முன்னேறிய ஊர்தான், டாக்சியைப் பெண்கள் ஓட்டுகிறார்கள், மாடிக்கே வந்து பையையும் வாங்கிக்கொள்கிறார்கள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"ஓலா?" என்றேன்.

"ஓலா" என்று கையை நீட்டினார்.

புடவைப் பையைக் கொடுத்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். விலைச்சீட்டுகூடப் பிரிக்காத ஒரு பட்டுப் புடவையின் முந்தானையைத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினார். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், மலர் ஈரக் கையோடு ஓடி வந்த பிறகும் நிறுத்தவில்லை.

"ஓலான்னா மராத்தியில ஈரம்ணே. ஈரக் குப்பை எடுக்க வந்திருக்காங்க. நீ எங்கண்ணே கெளம்பிட்ட?"

"தப்பா நெனச்சுக்காதீங்க தாயி" என்றேன் அந்த அம்மாளிடம். மதுரைக்காரன் வாயில் தாயி தானாக வரும். அவர் சிரிப்பை நிறுத்தி மலரைப் பார்த்தார். உன் அண்ணனுக்கு மராத்தி தெரியுமா என்று கேட்டாராம். மராத்தியில் தாயி என்றால் அக்கா. அவரை அந்தக் குடியிருப்பே சுனந்தா தாயி என்றுதான் கூப்பிடுகிறது. தெரியாமல் சொன்ன ஒரு வார்த்தையில் எனக்கு அந்த ஊரில் ஓர் அக்கா கிடைத்தார். அன்று முதல் அவருக்கு நான் ஓலா மாமா.

மலர் அன்று மாலை எனக்குப் பாடம் எடுத்தாள். பச்சைத் தொட்டி ஓலா: காய்த்தோல், சோறு, டீத்தூள். நீலத் தொட்டி சுகா: தாள், அட்டை, கழுவிக் காய வைத்த பால் உறை. சுகா என்றால் காய்ந்தது. இதைக் கேட்டதும் எனக்கு நாக்கில் நீர் ஊறியது. நாங்கள் மிளகுத்தூள் போட்டுச் சுக்கா என்று வறுத்துத் தின்பதை இவர்கள் நீலத் தொட்டியில் போடுகிறார்கள் என்றேன். மலர் சிரிக்கவில்லை, பாடத்தில் கண்டிப்பு. மூன்றாவதாக ஒன்று உண்டு. குழந்தையின் டயப்பர் மாதிரியானவற்றைச் செய்தித்தாளில் பொதிந்து, மேலே சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு பொட்டு வைத்துத் தனியாகத் தர வேண்டும். பொட்டைப் பார்த்தால் குப்பை பிரிக்கிறவர்கள் கையால் திறக்க மாட்டார்கள்.

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போனது. குப்பையை இன்னொரு மனிதர் கையால் தொடப் போகிறார் என்பதை நினைத்துப் பார்த்து வைத்த பொட்டு அது. சிங்கப்பூரில் வேலையாகத் தங்கியிருந்த அடுக்குமாடி வீட்டில் சமையலறைச் சுவரிலேயே ஒரு சின்னக் கதவு இருந்தது. அதைத் திறந்து மூட்டையைப் போட்டால் எங்கோ பாதாளத்தில் தொப்பென்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான். சுத்தம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கிருந்த நாளெல்லாம் என் குப்பையை எடுத்தவரின் முகத்தை நான் பார்த்ததில்லை.

தைவானுக்கு மெஷின் பயிற்சிக்குப் போனபோது நேர்மாறு. மாலையில் குப்பை லாரி பாட்டுப் பாடிக்கொண்டு தெருவுக்கு வரும். நான் ஐஸ் வண்டி என்று நினைத்து சில்லறையோடு ஓடினேன். தெருவே செருப்பை மாட்டிக்கொண்டு மூட்டையோடு நின்றது. மிச்சச் சோற்றுக்கு ஒரு வாளி, அது பன்றிக்கு. பழத்தோலுக்கு இன்னொன்று, அது உரத்துக்கு. நான் வாழைப்பழத் தோலைப் பன்றி வாளியில் போட, ஒரு பெரியவர் கையை விட்டு எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஏதோ சொன்னார். மொழிபெயர்த்த நண்பன், "உங்க ஊர்ப் பன்னி இதத் தின்னுமான்னு கேக்குறார்" என்றான். தின்னும் என்று சொல்ல ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

எங்கள் மதுரைத் தெருவில் காலையில் விசில் சத்தம் கேட்கும். பேட்டரி வண்டியோடு வரும் பெண்ணிடம் பிரித்துக் கொடுக்கிறவர்களும் உண்டு, வண்டி போன பிறகு மெதுவாக எழுந்து தெருமுனையில் கொட்டுகிறவர்களும் உண்டு. முனையில் 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று எழுதியிருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு எங்கே கொட்டுவது என்று தெரிவது அந்தப் பலகையால்தான்.

மறுநாள் புனேயின் பழைய நகரத்தைச் சுற்றிவிட்டுப் பஸ்ஸில் திரும்பினேன். கண்டக்டர் "வாகோலி, வாகோலி" என்று கூவியது என் காதில் வாகட் என்று விழுந்தது. ஏறி, ஜன்னலோரம் பிடித்து, சுகமாகத் தூங்கினேன். எழுந்தபோது ஊரின் கிழக்குக் கோடி. மலர் வீடு மேற்குக் கோடி. பசி வேறு. எதிரிலிருந்த சாப்பாட்டுக் கடையில் இருப்பதையெல்லாம் மராத்தியில் ஒப்பித்தார்கள். அதில் எனக்குப் புரிந்த ஒரே சொல் சுக்கா. காய்ந்த தேங்காயை வறுத்து அரைத்துப் போட்ட ஆட்டுக்கறி, தொட்டுக்கொள்ளத் தட்டை விட அகலமான சோள ரொட்டி. மதுரைச் சுக்காவுக்கு இது தூரத்துச் சொந்தம். முகஜாடை இல்லை, ஆனாலும் விரோதம் பாராட்ட முடியவில்லை.

எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் லாரி டிரைவர். மதுரை என்றதும், "தெரியுமே. உங்க ஊர்ல கண்மாய் ஓரமா வண்டிய நிறுத்தித் தூங்கினேன். என்ன நாத்தம்" என்றார் இந்தியில். சுருக்கென்றது. நம் ஊரை நாம் திட்டலாம், அடுத்தவர் திட்டினால் சோறு இறங்காது. உங்கள் ஊர் ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தன் தட்டிலிருந்த வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார். சமாதானம் ஆயிற்று.

இனி மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலரின் கணவர் பிரகாஷ் பிறந்து வளர்ந்தது புனேயிலேயே. அவருடைய அப்பா ராணுவத் தளவாட ஆலையில் வேலை பார்த்துவிட்டு இப்போது பக்கத்திலேயே நிக்டியில் இருக்கிறார். பிரகாஷ் வீட்டில் தமிழ் பேசுவார், நடுநடுவே இந்தியும் மராத்தியும் கல் மாதிரி கடிபடும். படிக்க மட்டும் வராது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஆதிரைக்காக மலர் ஒரு தமிழ் எழுத்து அட்டை ஒட்டியிருந்தாள். ஆதிரை அதன் மூலையைக் கடிப்பதோடு சரி. பல் தேய்த்துக்கொண்டே அதன் முன்னால் நின்று "க, ங, ச" என்று முணுமுணுப்பவர் மாப்பிள்ளைதான். நான் பார்த்துவிட்டேன் என்றதும் வெட்கப்பட்டார்.

"நாளைக்கு இவ வந்து பப்பா இது என்னான்னு கேட்டா, அம்மாவ போய்க் கேளுன்னு சொல்லணுமா மச்சான்? அச்சா நஹி லக்தா, நல்லா இருக்காதுல்ல."

காதுகுத்துக்கு முந்தின நாள். வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். சாமி அலமாரியைத் துடைப்பதற்காக அதிலிருந்ததையெல்லாம் மலர் இறக்கியபோது, பாவாடைப் பொட்டலத்தையும் எடுத்து வாசலோரம் செருப்பு அலமாரியின் மேல் வைத்தாள். குழந்தை அழுதது, போனாள். நான் பூ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மலர் அறை அறையாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, பாவாடை எங்க? நீ எடுத்தியா?"

நான் எடுக்கவில்லை. இருவரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எந்தப் பாவாடை?"

"பேப்பர்ல சுத்தி இங்க வச்சிருந்தேனே, பிரகாஷ். நடுவுல பொட்டு வச்சு."

அவர் எழுந்து நின்றார். "ரெட் டாட் வச்ச பேப்பர் பொட்டலமா? அது... சுனந்தா தாயி வந்தாங்கல்ல. டயப்பர் பொட்டலத்தோட சேத்துக் குடுத்துட்டேன்."

மலர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா கல்யாணப் புடவை" என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பொட்டு வைத்தது அம்மா. கண்ட இடத்தில் வைத்தது மலர். கொடுத்தது மாப்பிள்ளை. பொட்டு வைத்த பொட்டலத்தைத் தனியாகத் தர வேண்டும் என்ற ஊர் விதியை மாப்பிள்ளை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறார். தப்பே செய்யாமல் மூன்று பேரும் சேர்ந்து அந்தப் பாவாடையைக் குப்பைக்கு அனுப்பியிருந்தார்கள்.

குப்பையை லாரியில் ஏற்றும் இடத்துக்கு மாப்பிள்ளையின் ஸ்கூட்டரில் பறந்தோம். பறந்தோம் என்பது நினைப்பு. ஹிஞ்சவடிக்கு வேலைக்குப் போகும் கார்களுக்கு நடுவே நாங்கள் நின்றுகொண்டுதான் இருந்தோம். "மச்சான், சாரி. மச்சான், ரொம்ப சாரி" என்று ஒவ்வொரு சிக்னலிலும் சொன்னார். பொட்டு வைத்த பொட்டலங்களை எரிக்கக் கொண்டுபோய்விடுவார்கள் என்றும் கூடவே சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எரியும் பட்டின் வாடை எனக்கு அங்கேயே அடித்தது.

லாரி நிற்கும் இடத்தில் சுனந்தா தாயியும் மற்றப் பெண்களும் தகரக் கூரைக்குக் கீழே அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். லாரி வந்து நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும், "ஓலா மாமா, இன்னைக்கு என்ன புடவை குடுக்க வந்திருக்கீங்க?" என்று கேட்டாராம். மாப்பிள்ளை மராத்தியில் கொட்டித் தீர்த்தார். தாயி வாயில் கை வைத்தார், கையுறை ஞாபகம் வந்து எடுத்தார்.

"இன்னைக்குப் பொட்டலம் பெருசா இருந்துச்சு. புள்ளைக்கு வயிறு சரியில்லையோன்னு நெனச்சேன். பாவம், நாளைக்குக் காதுகுத்தாச்சேன்னு வருத்தப்பட்டுக்கிட்டே வந்தேன்" என்று அவர் சொன்னதை மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது, சிரிப்பிலா அழுகையிலா என்று பிரிக்க முடியவில்லை.

லாரிக்காரரிடம் சத்தம் போட்டு நிறுத்திவிட்டு, தாயி ஒரு சாக்கை இழுத்து வந்து விரிப்பில் கவிழ்த்தார். குடியிருப்பு முழுவதன் டயப்பர்களும் எங்கள் காலடியில் விழுந்தன. அத்தனையும் செய்தித்தாள் பொட்டலங்கள். அத்தனையிலும் சிவப்புப் பொட்டு. உபரியாக ஒரே ஒரு ஜோடி கையுறை இருந்தது. மாப்பிள்ளை இடது கைக்கும் நான் வலது கைக்கும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

"தமிழ் எழுத்து இருக்கும் மாப்ள. எழுத்தப் பாருங்க."

மராத்தி, மராத்தி, ஆங்கிலம், மராத்தி, இந்தி. பாதி ஈரம், பாதி கசங்கல். நான் எனக்குத் தெரிந்த அத்தனை மதுரைத் தெய்வங்களையும் மூக்கைப் பிடித்துக்கொண்டே கூப்பிட்டேன். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். தாயி திரும்பி ஒரு பார்வை பார்த்தார், ஹாரன் நின்றது.

"மச்சான், ருக்கோ, நில்லுங்க" என்றார் மாப்பிள்ளை. கையில் ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார். "இது 'சு'. இது புள்ளி வச்ச 'க'. இது 'க'க்குக் கால். சு... க்... கா." முகம் விழுந்துவிட்டது. "சுகான்னு எழுதியிருக்கு மச்சான். இது சுகா கச்ரா, காஞ்ச குப்பை போல." சொல்லிவிட்டு அதை நீலச் சாக்கின் பக்கம் வீசக் கையை ஓங்கினார்.

நான் அவர் மேல் பாய்ந்தேன். இருவரும் பொட்டலத்தோடு விரிப்பில் உருண்டோம்.

"மாப்ள, அது மட்டன் சுக்கா. எங்க ஊர் ஓட்டல் விளம்பரம்."

அவர் படுத்தபடியே மறுபடி பார்த்தார். "மட்... டன்" என்று எழுத்துக் கூட்டினார். "அரே, ஹோ, ஆமா. மட்டன்."

நூல்கட்டு அவிழவில்லை. பொட்டு அழியவில்லை. பொட்டைப் பார்த்து ஒருவரும் அதைத் திறக்கவில்லை, கிழிக்கவில்லை. வேட்டித் துணியை விலக்கினால் ஜரிகை அப்படியே மின்னியது. அந்த நெடிக்கு நடுவில் உட்கார்ந்து நான் அழுதுவிட்டேன். சிரிப்பில் வந்த தண்ணீர் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். பாதி பொய்.

"நாளைக்கு நீங்க கட்டாயம் வரணும் தாயி" என்றேன். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் ஆதிரை என் மடியில் உட்கார்ந்து, பொற்கொல்லர் கையைப் பார்த்து வீடு அதிர அழுதாள். பிறகு வாழைப்பழத்தைப் பார்த்து நிறுத்தினாள். பாவாடை அவளுக்குக் கணுக்கால் வரை வந்தது. சுனந்தா தாயி பச்சைப் புடவையில் வந்திருந்தார். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஜரிகைக் கரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இதையா நான் மூக்கைச் சுளிச்சுக்கிட்டுத் தூக்கிட்டுப் போனேன்" என்று நிக்டிச் சம்பந்தியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

செல்பேசியில் அம்மா வந்தார். பாவாடையை மேலும் கீழும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் சொன்னது, "இடுப்புச் சுருக்கு ஒருபக்கம் ஏறியிருக்குடா."

"நான் வச்ச பொட்டு அழியாம வந்துச்சா?" என்று அடுத்தாற்போல் கேட்டார்.

மாப்பிள்ளைதான் சமாளித்தார். "ஒண்ணும் ஆகல அத்தை. இந்த ஊர்ல உங்க பொட்டுக்கு ரொம்ப மரியாதை. யாரும் கை வைக்கல."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

விருந்தெல்லாம் முடிந்து வீட்டைக் கூட்டும்போது, பால்கனியில் மலர் மருந்து தெளித்து வெயிலில் போட்டிருந்த அந்தச் செய்தித்தாள் கிடந்தது. நான்தான் இப்போது விதியெல்லாம் தெரிந்தவனாயிற்றே. எடுத்துக்கொண்டு நீலத் தொட்டிக்குப் போனேன். மாப்பிள்ளை குறுக்கே வந்து கையிலிருந்து வாங்கினார்.

"சுகாதான மாப்ள? அதுலயே எழுதியிருக்குன்னு சொன்னீங்களே."

"எழுதியிருக்கு. ஆனா இத நான் போட மாட்டேன் மச்சான். நானா படிச்ச மொத தமிழ் இதுதான்."

தாளை முழங்காலில் வைத்து நீவி, குளிர்பதனப் பெட்டியின் கதவில், 'அ – அம்மா'வுக்கு நேர் கீழே, மட்டன் சுக்கா விளம்பரத்தைக் குங்குமப் பொட்டோடு ஒட்டினார்.